அழுதுவடிகிற ஒரு வினையடை

ஆங்கிலத்தில் 'ட்ராப்லி' என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சில் அவ்வளவாக அடிபடாது. நாவல்களிலும் பயணக் கட்டுரைகளிலும் பறவைகளைப் பற்றிய புத்தகங்களிலும் எட்டிப் பார்க்கும். ஒருத்தி ட்ராப்லி உடுத்தியிருந்தாள், ஓர் அறை ட்ராப்லி பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது என்று வரும். இதைத் தமிழில் கொண்டுவருகிறவர்கள் கைக்கு முதலில் அகப்படும் சொல் 'மங்கலாக'. அதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். 'மங்கலாக உடையணிந்த ஒரு பெண் உள்ளே வந்தாள்' என்று படிக்கிற தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? வந்தவள் மூடுபனிக்குள் நின்றாளா, அல்லது தன் மூக்குக்கண்ணாடியைத்தான் துடைக்க வேண்டுமா என்று யோசிப்பார். அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் கிடையாது. பொருள்தான் வேறு எங்கோ போய்விட்டது. இந்தச் சொல்லுக்கு 'மங்கலாக' ஏன் பொருந்தாது, தமிழில் அதற்கு ஏற்கெனவே இருக்கிற சொற்கள் எவை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு வினையடைக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம், கோபமில்லை.

மங்கல் என்பது வெளிச்சத்தைப் பற்றிய சொல். விளக்கு மங்குகிறது, கண் மங்குகிறது, எழுத்து மங்கித் தெரிகிறது. எல்லாவற்றிலும் பிரச்சினை ஒன்றுதான்: சரியாகத் தெரியவில்லை. (இதே சொல்லோடு ஓர் 'அம்' சேர்ந்தால் கல்யாண வீட்டு மங்கலம் ஆகிவிடுவது தமிழின் குறும்பு. மங்கல விளக்கு வேறு, மங்கலான விளக்கு வேறு.) ட்ராப்லியில் தெரியாமல் போவது எதுவுமே இல்லை. ஓர் அலுவலக அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு டியூப்லைட் எரிகிறது, கண் கூசுகிறது. சாம்பல் நிற இரும்பு பீரோ, சாம்பல் நிற மேஜை, பச்சையா நீலமா என்று அடித்தவருக்கே தெரியாத சுவர். இந்த அறை ட்ராப். ஆனால் இதில் மங்கல் ஒரு துளிகூட இல்லை, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது, தெரிவதுதான் கொடுமை. இப்போது ஒரு பழைய கோயிலின் கருவறைக்குள் எட்டிப் பாருங்கள். ஒற்றை எண்ணெய் விளக்கு, கரி படிந்த சுவர், பாதி உருவம் இருளில். இதைவிட மங்கலான இடம் இருக்க முடியாது. அதை ட்ராப் என்று சொல்கிறவர் ஆங்கிலமும் அறியாதவர், கோயிலும் அறியாதவர். ஆக இரண்டு சொற்களும் ஒன்றையொன்று தொடாமலேயே தனித்தனியாக நடமாட முடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் என்று ஆங்கிலத்துக்குள்ளேயே தேடினால் படம் இன்னும் தெளிவாகும். 'டிம்லி' இருக்கிறது, மங்கலாக என்பதற்கு முழு உரிமை அதற்குத்தான். 'டல்லி' என்றால் மழுங்கலாக: உலோகம் டல்லி மின்னும், பல் டல்லி வலிக்கும், தூரத்துச் சத்தம் டல்லி கேட்கும். 'டிஞ்சிலி' என்றால் அழுக்கும் இருட்டும் சேர்ந்து. 'டவுடிலி' பெரும்பாலும் பெண்களின் உடையைக் குறைசொல்ல வரும். காலத்துக்கு ஒவ்வாமல், ஏனோதானோவென்று உடுத்தியிருப்பது. 'ப்ளெய்ன்லி' என்றால் எளிமையாக. அதில் பழிப்பு இல்லை, சில சமயம் மரியாதைகூட உண்டு. இவற்றுக்கு நடுவில் ட்ராப்லி எங்கே நிற்கிறது? அது சொல்லும் பொருளில் அழுக்கு இல்லை, கிழிசல் இல்லை, இருட்டு இல்லை, பழைய பாணி என்ற குற்றச்சாட்டுகூட இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கண் போய் நிற்க ஓர் இடம் கிடைக்கவில்லை. இருந்திருக்கலாமே என்று பார்ப்பவர் எதிர்பார்த்த ஏதோ ஒன்று அங்கே வைக்கப்படவில்லை. அந்த ஏமாற்றத்தைத்தான் இந்தச் சொல் பதிவு செய்கிறது. வெளிச்சத்தின் அளவை அது அளப்பதில்லை. பார்த்த கண் தீர்ப்பு சொல்கிறது.

இதற்கு இலக்கணமே சாட்சி. பெயரடையான 'ட்ராப்' எதற்கு வேண்டுமானாலும் முன்னால் வந்து நிற்கும்: வானம், ஊர், வாழ்க்கை, மதிய நேரம். வினையடையாகும்போது மட்டும் அது ஆளைப் பார்த்துப் பழகுகிறது. உடுத்திய, அடிக்கப்பட்ட, அலங்கரிக்கப்பட்ட, அச்சிடப்பட்ட என்று ஒரு கை செய்த காரியத்தோடுதான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறது. யாரோ ஒருவர் துணியைத் தேர்ந்தெடுத்தார், யாரோ ஒருவர் பெயின்ட் டப்பாவைத் திறந்தார் என்ற நினைப்பு அதற்குள் மறைந்திருக்கிறது. நம்மவர்கள் ஆங்கிலம் எழுதும்போது சறுக்குவதும் இங்கேதான். தமிழில் 'அழகாகப் பாடுகிறாள்', 'அழகாக இருக்கிறாள்' இரண்டுக்கும் ஒரே 'ஆக' போதும். ஆங்கிலத்தில் பாடுவதற்குத்தான் 'லி' உண்டு, இருப்பதற்குக் கிடையாது. 'ஷி லுக்ஸ் ட்ராப்' என்றால் சரி. 'ஷி லுக்ஸ் ட்ராப்லி' என்று எழுதினால் அவள் எதையோ களையில்லாத விதத்தில் உற்றுப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும். நம் 'ஆக' அவ்வளவு தாராளமானது என்பதால் வரும் தவறு இது.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். பிரெஞ்சில் 'த்ரா' என்றால் துணி. துணிக்கடைக்காரருக்கு ஆங்கிலம் வைத்திருந்த 'டிரேப்பர்' என்ற பெயரும் அந்த வழிதான். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த ட்ராப் முதலில் ஒரு துணி வகை. பிறகு சாயம் ஏற்றாத கம்பளித் துணியின் நிறம். மந்தமான, சுவாரசியமில்லாத என்ற பொருள் அதற்கெல்லாம் வெகு பிந்தி, 19ஆம் நூற்றாண்டில்தான் ஊன்றிக்கொண்டது. (ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டிலும் மாக்பெத்திலும் ட்ராப் என்று ஒரு வசைச்சொல் வரும். நடத்தை கெட்ட பெண் என்று பொருள். அது வேறு குடும்பம். இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இதே பாதையில் நடந்த இன்னொரு சொல் 'பேஜ்'. அதுவும் பிரெஞ்சில் சாயம் ஏற்றாத கம்பளி. இன்று ஆங்கிலத்தில் ஓர் ஆளையோ அவருடைய ரசனையையோ பேஜ் என்றால் உப்புச்சப்பில்லாதது என்று அர்த்தம். ஒரு சொல் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டு சொற்கள் ஒரே தறியிலிருந்து கிளம்பி ஒரே பழிப்பில் போய் முடிந்தால் காரணம் தேட வேண்டும்.

காரணம் ஆடு என்பது என் எண்ணம். சாயம் போடாத கம்பளி பழுப்பும் சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறம். எவ்வளவு துவைத்தாலும் அது சுலபத்தில் வெள்ளையாகாது. சாயத்துக்குக் காசு வேண்டும். ஆகவே குளிர்நாட்டில் சாயமில்லாத துணி என்பது இல்லாமையின் நிறம், உழைப்பவரின் நிறம். பருத்தி நாட்டில் கதை வேறு. தறியிலிருந்து இறங்கும்போது பருத்தியும் சற்று மங்கிய பால் நிறம்தான். ஆனால் துவைத்து வெயிலில் காயப்போடப் போட வெளுத்துக்கொண்டே போகும். சாயமே இல்லாத வேட்டி இங்கே ஊர்ப் பெரிய மனிதரின் உடை. ஈரோட்டுப் பக்கம் ஜவுளி வியாபாரத்தில் பதப்படுத்தாத, சாயமேற்றாத துணிக்குக் 'காடா' என்று பெயர். அது விலையும் மீட்டரும் பேசுகிற சொல். ஒருவரைப் பார்த்து 'காடா மாதிரி இருக்கிறாய்' என்று யாரும் திட்டுவதில்லை. வெளுக்காத புதுத் துணிக்குக் கோடி என்றொரு பெயர் இருக்கிறது. அது சடங்குகளுக்குள் போய்ப் புதுமையின் அடையாளமானதே தவிர, சலிப்பின் அடையாளமாகவில்லை. சாயமில்லாத துணியிலிருந்து சலிப்புக்கு ஒரு சொல்லை உண்டாக்கும் வாய்ப்பு தமிழுக்கு இருந்தது. உண்டாக்கவில்லை, ஏனென்றால் அந்தத் துணியைப் பார்த்து இங்கே யாருக்கும் சலிப்பு வரவில்லை.

இந்த இடத்தில் ஒருவர் கேட்கலாம்: எளிய உடையைப் பார்த்து வசதி படைத்தவர்கள் மூக்கைச் சுளித்ததுதான் இந்தச் சொல்லின் மொத்த வரலாறு என்றால், இதை ஏன் அக்கறையாகத் தமிழில் கொண்டுவர வேண்டும்? அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கேள்வி என் வாதத்துக்குத்தான் கைகொடுக்கிறது. க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆடம்பரத்தை விலக்கி, அடங்கிய நிறங்களில் உடுத்தியவர்கள். ட்ராப் நிறம் அவர்களோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டதென்றால் 'க்வேக்கர் ட்ராப்' என்றே ஒரு நிறப்பெயர் வழங்கியது. அவர்களில் ஜான் உல்மன் என்பவர் நியூ ஜெர்சியில் தையல்காரர். அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். சாயம் என்பது அழுக்கை மறைக்கும் வேலை என்று கருதி 1760களின் தொடக்கத்தில் சாயம் ஏற்றாத உடைகளுக்கும், ரோமத்தின் இயல்பான நிறத்திலேயே இருந்த தொப்பிக்கும் மாறினார். வேடிக்கை என்னவென்றால், அப்போது வெளிர்நிறத் தொப்பி நாகரிகப் பிரியர்களிடமும் புழங்கிக்கொண்டிருந்தது. எனவே சக க்வேக்கர்களிலேயே சிலர், இந்த மனிதரும் பகட்டுக்குத்தான் போடுகிறாரோ என்று சந்தேகப்பட்டார்கள். ஒரே தொப்பிதான். போட்டவருக்கு அது மனசாட்சி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு ஃபேஷன், தெருவில் போகிறவருக்கு ட்ராப். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறியபோது உடுத்திய கதரைப் பற்றியும் இதையே சொல்லலாம்: எளிமை என்று எழுத ஒரு கண் வேண்டும், களையில்லை என்று எழுத வேறொரு கண் வேண்டும். மொழிபெயர்ப்பவர் துணியைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுத்தால் தவறு நடக்கும். அந்த வாக்கியத்தை எழுதியவரின் கண்ணைப் பார்க்க வேண்டும்.

நிறத்திலேயே ட்ராப் குடியிருக்கவில்லை என்பதற்குக் காக்கியைவிட நல்ல சாட்சி கிடையாது. 'காக்' என்றால் பாரசீகத்திலும் உருதுவிலும் தூசி, மண். 1846இல் பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படை மண்ணோடு கலந்துபோகிற அந்த நிறத்தை உடுத்தியது. ஆங்கிலேய ராணுவ ஏடுகள் அந்தச் சீருடையின் நிறத்தை ட்ராப் என்றே குறித்தன. 1902இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட சீருடையின் நிறப்பெயரும் ஆலிவ் ட்ராப். பளபளப்பில்லாத அதே மண் நிறம் தமிழ்நாட்டுத் தெருவில் நடந்துவந்தால் என்ன நடக்கிறது? கூட்டம் வழிவிடுகிறது. காக்கிச் சட்டைக்கு மிடுக்கு என்றுதான் சொல்வோம், களையில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆங்கிலத்தில் சலிப்பின் பெயரைச் சுமக்கும் நிறம் இங்கே அதிகாரத்தின் நிறமாகிவிட்டது.

சரி, இந்தத் தீர்ப்பு வெறும் ரசனைச் சமாச்சாரம், ஆளுக்கொரு கண், இதில் உறுதியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தட்டிக்கழிக்க முடியுமா? ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் முடியாது என்கிறது. புகையிலைப் பொருள்களின் உறைகளை ஒரே மாதிரி ஆக்கும் சட்டத்தை அந்நாடு 2011இல் நிறைவேற்றியது. 2012 டிசம்பர் 1 முதல் கடைகளில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சிகரெட் பெட்டியில் நிறுவனத்தின் நிறம், சின்னம், பளபளப்பு எதுவும் கூடாது. பெட்டியின் நிறம், சட்டத்தின் வாசகப்படியே, 'ட்ராப் டார்க் ப்ரௌன்'. நிறப் பட்டியலில் அது பான்டோன் 448 சி. பல நிறங்களைப் புகைபிடிப்பவர்களிடமே காட்டி, எது அவர்களைக் கவரவில்லை என்று கேட்டுத் தேர்ந்தெடுத்த நிறம். அரசாங்கம் முதலில் இதை ஆலிவ் பச்சை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்நாட்டு ஆலிவ் விவசாயிகளின் சங்கம் எங்கள் காயின் பெயரை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்ட பிறகு பெயர் மாறியது. விவசாயிகளின் கோபத்தில் ஒரு மொழியறிவு இருக்கிறது: நிறத்துக்கு வலிக்காது, பெயருக்கு வலிக்கும். இங்கே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எதிர்பார்த்த ஒன்று வைக்கப்படாமல் விட்டுப்போனதாகப் பார்ப்பவருக்குத் தோன்றுவதுதான் ட்ராப் என்றேன். இந்தப் பெட்டியிலோ எதுவும் தானாக விட்டுப்போகவில்லை, களையைத் தேடித் தேடி அகற்றியிருக்கிறார்கள். இது என் விளக்கத்துக்கு முரண் என்று முதலில் தோன்றும். ஆனால் அவர்கள் அகற்றியது எதை? பார்ப்பவரின் ஆசையை. பார்க்கும் கண்ணின் தீர்ப்பை முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்தத் தீர்ப்பு வரும்படி ஒரு பொருளைச் செய்திருக்கிறார்கள். பெட்டியை 'மங்கலான பழுப்பு' என்று தமிழில் எழுதினால் இந்தச் சூழ்ச்சி முழுக்கக் காணாமல் போய்விடும்.

கொஞ்சம் கடினமான மறுப்பு பறவை நூல்களிலிருந்து வருகிறது. ஆண் பறவை பளபளக்கும், பெட்டை ட்ராப்லி நிறமுடையது என்று ஆங்கிலத்தில் சர்வசாதாரணமாக எழுதுவார்கள். அங்கே எந்தத் தீர்ப்பும் இல்லையே, வெறும் வர்ணனைதானே? பாதி உண்மை. கூட்டில் உட்கார்ந்து அடைகாக்கும் பெட்டைக்கு அடங்கிய நிறம் பாதுகாப்பு என்று 1860களிலேயே இயற்கையியலாளர் வாலஸ் வாதிட்டார். அதாவது பறவையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது குறை கிடையாது, உயிர் காக்கும் சாமர்த்தியம். நம் வயல்களிலும் சதுப்புகளிலும் உள்ள மயில் உள்ளானில் இது தலைகீழ்: பெட்டைக்குத்தான் செம்பழுப்புக் கழுத்தும் பகட்டும், அடைகாக்கும் வேலை சேவலுக்கு, அடங்கிய நிறமும் அதற்கே. இந்தச் சேவலை ட்ராப்லி நிறமுடையது என்று எழுதுகிறவர், அதைப் பறவையாகப் பார்க்காமல், சரியாக உடுத்தாமல் விருந்துக்கு வந்தவரைப் போலப் பார்க்கிறார். 'நிறமுடைய' என்பதற்கு அவர் போடும் ஆங்கிலச் சொல்லே யாரோ நிறம் தீட்டியதுபோன்ற வடிவத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே தீர்ப்பு இருக்கிறது, ஆனால் நூலின் நோக்கத்துக்கு அது வேண்டாத சுமை. தமிழில் 'பகட்டில்லாத நிறம்' என்றோ 'மண்ணோடு மண்ணாகத் தெரியும் நிறம்' என்றோ எழுதி அந்தச் சுமையை இறக்கி வைத்துவிடலாம். மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நியாயமாக நடந்துகொள்ளக்கூடிய அபூர்வமான இடம்.

மற்ற இடங்களுக்குத் தமிழில் என்ன இருக்கிறது? முதலில் களை. முகத்தில் களை இருக்கிறது, கல்யாணக் களை வந்துவிட்டது, திருவிழா களைகட்டியது என்கிறோம். இந்தச் சொல்லுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை, ஆனால் வாட் கணக்கில் அதை அளக்க முடியாது. மேலே சொன்ன கருவறை மங்கல், ஆனால் களையானது. டியூப்லைட் அலுவலகம் பிரகாசம், ஆனால் களையில்லாதது. ஆங்கிலச் சொல்லின் எல்லையும் இந்தச் சொல்லின் எல்லையும் எவ்வளவு அருகருகே ஓடுகின்றன பாருங்கள். நடை கொஞ்சம் உயர்ந்திருந்தால் சோபையின்றி, பொலிவின்றி என்று எழுதலாம். 'டல்லா இருக்கு' என்று பேச்சில் ஒரு கடன்சொல் புழங்குகிறதே என்றால், அது ஏற்கெனவே வேறு வேலைகளில் அமர்ந்துவிட்டது: ஆள் டல்லென்றால் மனசு சரியில்லை, வியாபாரம் டல்லென்றால் கல்லாவில் காசில்லை. எழுத்தையோ பேச்சையோ ட்ராப்லி என்று சொல்லும்போது கண்ணை விட்டுவிட்டு நாக்குக்குப் போக வேண்டும்; உப்புச்சப்பில்லாமல் என்பதைவிட நல்ல சொல் அங்கே தேவையில்லை.

ஆனால் என் ஓட்டு அழுதுவடிதலுக்குத்தான். 'அழுதுவடிகிற கலர்', 'வீடு ஏன் இப்படி அழுதுவடியுது' என்று வீட்டுக்கு வீடு சொல்வதுதான். அழுகையும் இல்லை, வடிவதும் இல்லை. சுவர் பாட்டுக்குச் சுவராக நிற்கிறது. பார்ப்பவரின் தீர்ப்பு மட்டும் அப்படியே அதன்மேல் வழிகிறது. இது கொச்சை, அச்சுக்கு ஆகாது என்பவர்களுக்கு: கதை சொல்கிற குரல் கறாரானதாக இருக்கும்போது ஆங்கிலத்திலும் ட்ராப்லி அவ்வளவு பவ்யமான சொல்லாக ஒலிப்பதில்லை. இன்னொரு மறுப்புக்கு எனக்கு முழுப் பதில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அழுதுவடிதலில் சோகம் இருக்கிறது. ட்ராப்பில் சோகம்கூட இல்லாத வெறுமை. அந்த அளவுக்குத் தமிழ்ச் சொல் கூடுதலாகவே பேசுகிறது. அதைவிட முக்கியமான வித்தியாசம், ஆங்கில வினையடை பெயின்ட் அடித்த ஆளைக் கைகாட்டுகிறது, தமிழோ பழியைச் சுவரின் மேலேயே போட்டுவிடுகிறது: சுவர்தான் அழுகிறது, அடித்தவர் தப்பித்துவிடுகிறார். அவரையும் வாக்கியத்துக்குள் இழுத்து வர வேண்டுமென்றால் ஒரு 'படி' போதும். 'சுவர்களுக்கு அழுதுவடியும்படி பெயின்ட் அடித்திருந்தார்கள்.' உடைக்கு அவ்வளவு கடுமை வேண்டாம் என்றால், அந்த மூடுபனிப் பெண்ணை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இப்படி எழுதலாம்: 'களையே இல்லாமல் உடுத்தியிருந்த ஒரு பெண் உள்ளே வந்தாள்.'